மூடி வைத்த இரண்டு சுழி

ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பியிருந்தார்கள். எங்கள் புது ஹோலில், ஜன்னலோரக் கதிரையில் ஹமீதா மாமி உட்கார்ந்திருந்தார். என்னை மருமகளாக எடுக்கலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு சொல்லாத வீட்டின் தாய் அவர். கையில் சர்பத் கிளாஸ். ஐஸ் கரைந்து மேலே வெள்ளையாகத் தண்ணீர் நின்றது. அவர் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

வாசலின் இரண்டு பக்கமும் பச்சைத் துணியால் மூடிய இரண்டு உயரமான பொருட்கள் நின்றன. யார் உள்ளே வந்தாலும் முதலில் அவற்றைத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அத்தனை நாள் பாடுபட்டதே அதற்காகத்தான். மாமி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் என் தலையின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணையோ முகத்தையோ அல்ல, உச்சியை.

"புழுக்கமா இரிக்கே மகள்," என்றார். "வீட்டுக்குள்ள தானே. ஸ்காஃபக் கழட்டிட்டு ஆறுதலா இரிங்களேன்."

கச்சான் காற்று ஜன்னல் திரையைக் கூரை வரை தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. தட்டில் வைத்த மஸ்கட் இனிப்புத் துண்டுகளின் மேல் மணல் படிந்திருந்தது. எங்கள் கண்டக்குழியில் கச்சான் வீசும் காலத்தில் புழுக்கம் என்று ஒருவர் சொன்னால், அவர் கேட்பது வேறு எதையோ.

"பரவால்ல மாமி," என்றேன். ஸ்காஃபை இறுக்கிப் பிடித்திருந்த குண்டூசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஸ்காஃப் காந்தங்கள்

அந்தக் குண்டூசிக்கு ஒரு காரணம் இருந்தது. என் ஸ்காஃப் காந்தங்கள் அத்தனையும் தண்ணீருக்குள் இருந்தன.

இந்தத் தொடரில் சென்ற வாரம் ஹோலுக்கு டைல்ஸ் பதித்த கதையில் நிறுத்தியிருந்தேன். அந்த ஹோலில் நாங்கள் கொண்டாடப்போகும் முதல் பெருநாள் அது. எல்லா வீடுகளிலும் தொங்குகிற பிறை லைட்டையும் கடதாசிப் பூவையும் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் சாதாரண தரப் பரீட்சை மண்டபத்துக்குள் முதன்முதலாகக் கால் வைத்தவள் நான். உயர்தரம் எழுதி, இப்போது பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், தொலைவிலிருந்தபடியே டிகிரியும் படிக்கிறேன். படித்த பிள்ளையின் வீட்டுப் பெருநாள் அலங்காரம் படித்த பிள்ளையின் அலங்காரமாகத் தெரிய வேண்டாமா?

நீர்ச்சுழல் செய்ய முடிவெடுத்தேன். கண்ணாடி ஜாடிக்குள் தண்ணீர் தானாகச் சுற்ற வேண்டும். நடுவில் புனல் போலக் குழி விழ வேண்டும். அடியிலிருந்து நீல வெளிச்சம் ஏற வேண்டும். பார்ப்பவருக்குக் கையும் தெரியக்கூடாது, கயிறும் தெரியக்கூடாது.

கடற்கரையில் பட்டம் பிடித்து அலைமேல் ஓடும் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியில், ஜூஸ் ஊற்றும் உயரமான கண்ணாடி ஜாடிகள் இரண்டைக் குழாய் பழுதென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். கேட்டு வாங்கினேன். ஓட்டையை சிலிக்கோன் பசையால் அடைத்தேன். பழுதான இரண்டு டிவிடி பிளேயர்களைக் கழற்றி மோட்டார் எடுத்தேன். மோட்டாரின் தலையில் ஒரு போத்தல் மூடி, மூடியின் மேல் இரண்டு காந்தம். ஜாடிக்குள் வேறு இரண்டு காந்தங்களை உறிஞ்சிக் குழாய்த் துண்டில் அடைத்துப் பசை வைத்துப் போட்டேன். கீழே இருப்பது சுற்றினால் மேலே இருப்பதும் சேர்ந்து சுற்றும். தண்ணீர் அதன் பின்னால் போகும்.

சிறிய காந்தம், அதே நேரம் பலமான காந்தம் எங்கள் ஊரில் எங்கே கிடைக்கும் என்று முதலில் முழித்தேன். அபாயாக் கடையில் கிடைத்தது. ஊசி குத்தாமல் ஸ்காஃபைப் பிடிக்க நாங்கள் போடுகிற காந்தப் பொத்தான்கள்தான். கடையில் இருந்தது போதாமல் என்னுடையவற்றையும் பிய்த்துப் போட்டேன்.

முதல் தடவை வேகமாகச் சுற்றவிட்டேன். உள்ளே இருந்த காந்தம் பிடி நழுவி டக டக டகவென்று கண்ணாடியை உதைத்தது. உம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார். பழைய ரேடியோவின் சத்தம் கூட்டுகிற திருகைக் கழற்றி இடையில் பொருத்தி, மெதுமெதுவாக வேகம் கூட்டியபோதுதான் சரிவந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஜாடிச் சுவரில் வெள்ளை படிந்தது. அதனால் ஃபில்டர் தண்ணீர் கேனைத் தூக்கினேன்.

"குடிக்கிற தண்ணியயா சுத்த உடப்போற?" என்றார் உம்மா.

"சுத்தினாப் பொறகும் தண்ணிதான் உம்மா."

"நீ குடி அப்ப."

பழைய சால்வை ஒன்றிலிருந்து உதிர்த்த சரிகைத் துகளை உள்ளே போட்டேன். அவ்வளவுதான். தண்ணீர் என்று தெரியாமல் இருந்த தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தது. துகள்கள் மேலே அகலமாகச் சுற்றி, நடுவில் ஒடுங்கி, அடி வரை இறங்கி, மறுபடி ஓரத்தால் ஏறி வந்தன.

இரண்டாவது ஜாடிக்கு வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன் போலும். அது எதிர்ப்பக்கம் சுற்றியது. திருத்தப் போனேன். பிறகு விட்டுவிட்டேன். வாசலுக்கு ஒரு பக்கம் வலம், மறுபக்கம் இடம். வேண்டுமென்றே செய்தது போல அழகாக இருந்தது. கேட்டவர்களிடம் வேண்டுமென்றே செய்தேன் என்றுதான் சொன்னேன்.

வாப்பா முதன்முதலாகப் பார்த்தபோது ஓரடி பின்னால் போனார். சின்ன வயதிலிருந்து கடலில் இருப்பவர்.

"யா அல்லாஹ். சுழி!"

"சுழி இல்ல வாப்பா, சுழல். நீர்ச்சுழல்."

"புத்தகத்துல சுழலா இரிக்கும். கடல்ல சுழிதான்."

நான் திருத்தினேன். அவர் திருந்தவில்லை. அந்த ஒரு சொல்லை அன்றைக்கு இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லிக்கொடுத்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

பெருநாள் வரை யாரும் பார்க்கக்கூடாது என்று இரண்டையும் பச்சைத் துணியால் மூடி வைத்தேன்.

ஊர் என் உச்சியைப் பார்த்தது

அதற்குப் பிறகு ஏதோ சரியில்லை.

முதலில் சாச்சி. உம்மாவின் தங்கை, வேலிக்கு அடுத்த வீடு. என் வாழ்நாளில் என் தலையைத் தொட்டு அறியாதவர், திடீரென்று எண்ணெய்ப் போத்தலோடு வந்து நின்றார்.

"வா மகள், எண்ணெ வெச்சு உடுறன். படிச்சுப் படிச்சுத் தல சூடாகிப் பெய்த்திரிக்கும்."

"நேத்துத்தான் குளிச்சன் சாச்சி."

"குளிச்சா என்ன? சும்மா ஒருக்காப் பிரிச்சுப் பாத்து வெச்சு உடுறன்."

எண்ணெய் வைக்கப் பிரித்துப் பார்ப்பானேன்? நான் எழும்பிப் போய்விட்டேன். குசினி வாசலில் நின்ற உம்மாவின் முகம் வெளுத்திருந்ததையும் அன்று கவனித்தேன். ஆனால் அதைச் சாச்சியின் கணக்கில்தான் எழுதினேன்.

பிறகு, பின்னேர வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் தாய்மார். "சலாம் டீச்சர்" என்பார்கள். கண் மட்டும் என் நெற்றிக்கு மேலே ஏறிப்போகும். ஒருத்தி, "டீச்சருக்கு முடி எந்தப் பக்கம் வகிடு?" என்று கேட்டாள். ஸ்காஃப் போட்ட ஒருத்தியிடம் கேட்கிற கேள்வியா அது? வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். பேன் இல்லை, பொடுகு இல்லை, ஸ்காஃப் கிழியவும் இல்லை.

சாச்சிதான் ஏதோ கதை கட்டி விட்டிருக்கிறார் என்று முடிவு செய்தேன். என்ன கதை என்றுதான் பிடிபடவில்லை. எனக்கு முடி கொட்டுகிறது என்றா? தலையில் ஏதோ தோல் வருத்தம் என்றா? என் கல்யாணப் பேச்சைக் குழப்ப அது போதும்.

அந்தப் பேச்சு குழம்பிவிடக்கூடாது என்று நான் நினைத்தேன். அதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் இரண்டு வீட்டார் வந்து பார்த்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் படிப்பிப்பேன், டிகிரியையும் முடிப்பேன் என்று நான் சொன்னதும் இரண்டு வீட்டாருடைய ஃபோனும் அடங்கிப்போனது. மூன்றாவதாக வந்தது கரைத்தீவிலிருந்து. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். மகன் நஸ்லின், புத்தளத்தில் மருந்துக் கடையில் வேலை. உம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஃபோனில் அதே கேள்வியை அவரிடமும் போட்டேன்.

"அப்ப பகல் சாப்பாட்ட நான் கடையில எடுத்துக்கிறன்," என்றார். "டிகிரிக்கு இன்னும் எவ்வளவு படிக்க இரிக்கி?"

அந்தக் குரலில் சலிப்பு இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் அந்த வீட்டிலிருந்தும் ஃபோன் நின்றது. பிறகு திடீரென்று ஒரு செய்தி: பெருநாளன்றைக்கு ஹமீதா மாமி வருகிறார், கூட அவருடைய தம்பி, சும்மா பெருநாள் பார்த்துவிட்டுப் போக. கரைத்தீவிலிருந்து கண்டக்குழிக்குக் களப்புக் கடலேரியைச் சுற்றிப் புத்தளம், பாலாவி எல்லாம் கடந்து வர வேண்டும். பெருநாளன்றைக்கு யாரும் அவ்வளவு தூரம் சும்மா வருவதில்லை.

குசினியில் உம்மா

இனி கதிரைக்குத் திரும்புகிறேன். மாமி இரண்டாவது தடவையும் புழுக்கம் என்றார். நான் வட்டிலாப்பம் எடுத்துவரும் சாக்கில் குசினிக்குப் போனேன். உம்மா என் கையைப் பிடித்து இழுத்துக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினார்.

"என்ன சென்னாலும் ஸ்காஃபக் கழட்டாத."

"ஏன்? என்ட தலையில என்ன இரிக்கி? ஊரே பாக்குது."

உம்மா வாசலைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார்.

"உனக்கு ரெண்டு, மகள்."

"என்ன ரெண்டு?"

"சுழி. ஏழாம் நாள் முடி எடுக்கக்குள்ளயே கண்டன். ரெட்டைச் சுழி. உங்கட வாப்பாக்கும் செல்லல்ல. ஆருக்கும் செல்லல்ல. இப்ப இவகளுக்கு எப்பிடித் தெரிஞ்சுதோ தெரியா."

வாசகர்களில் தெரியாதவர்கள் இருக்கலாம். உச்சந்தலையில் முடி சுற்றிக் கிளம்புகிற இடத்துக்குச் சுழி என்று பேர். எல்லோருக்கும் ஒன்று இருக்கும். சிலருக்கு இரண்டு. இரண்டு இருந்தால் இரண்டு கல்யாணமாம். ஆணுக்கு இருந்தால் கேலி செய்து சிரித்துவிட்டுப் போவார்கள். பெண்ணுக்கு இருந்தால் முதல் மாப்பிள்ளை நிலைக்க மாட்டார் என்று அர்த்தம். மார்க்கத்தில் இதற்கு இடமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே பார்ப்பார்கள்.

எனக்கு முதலில் கோபம் வந்தது. முடி எந்தப் பக்கம் வளரும் என்பது தோலுக்குள் முடிவாகிற விஷயம் என்று படிப்பிக்கிறவள் நான். ஆனால் உண்மையைச் சொன்னால், கோபம் வந்த அதே நேரத்தில் என் கை தானாக உச்சிக்குப் போனது.

பல விஷயங்கள் அப்போது இடம் மாறி உட்கார்ந்தன. உயர்தரம் படிக்கும் வரை வேறு யாரையும் என் தலை வாரிவிட உம்மா விடாதது. பள்ளிக்கூடத்துக்கு நேர் வகிடு வேண்டும் என்று நான் அழுதும் கோண வகிடே எடுத்தது. ஒருமுறை பேன் பார்க்க வந்த சாச்சியைச் சண்டை போட்டு அனுப்பியது. இத்தனை வருடம் உம்மா என்னிடமிருந்தே ஒன்றை ஒளித்து வைத்திருந்தார், அதுவும் என் சொந்தத் தலையிலேயே.

"சாச்சிக்குத் தெரியுமா?"

"அவளும் அண்டைக்குத்தான் என்னட்டக் கேட்டா. கரையில கதையாம். கரையில ஆரு உன்ட தலையக் கண்ட?"

சாச்சி இல்லை என்றால் யார்? ஊரில் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். வட்டிலாப்பக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கும்போது கரண்டிகள் கிணுகிணுத்தன.

வாப்பா துணியை இழுத்தார்

நான் தட்டோடு ஹோலுக்கு வந்தபோது மாமி முடிவெடுத்துவிட்டிருந்தார். சர்பத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு உம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"மறைச்சுக் கதைக்க எனக்கு வராது ராத்தா. புள்ளைக்கு ரெண்டு சுழியென்டு கேள்விப்பட்டம்."

உம்மா வாயைத் திறந்தார்.

அதற்குள் விறாந்தையிலிருந்து பதில் வந்தது. மாமியின் தம்பியோடு கதைத்துக்கொண்டிருந்த வாப்பா, இடுப்பில் கட்டிய புதுச் சாரம் சரசரக்க உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஓம், ஓம்! ரெண்டுதான்! என்ட மகள்ட ரெண்டு சுழி. நான்தான் கரையில எல்லாருக்கும் சென்னன்."

என் கையில் தட்டு இல்லாமல் இருந்திருந்தால் அவர் வாயைப் பொத்தியிருப்பேன்.

"நீங்களே சென்னீங்களா, நானா?" என்று வாப்பாவிடம் கேட்டார் மாமி.

"பொறகு? மீன் லொறிக்காரர் கேட்டார், மகள் என்ன செய்றா என்டு. நான் சென்னன், அவட ரெண்டு சுழியும் நல்லாச் சரிவந்திட்டு, இப்ப துணியால மூடி வெச்சிரிக்கா, பெருநாளைக்குத்தான் துறந்து காட்டுவா, வந்து பாருங்க என்டு."

"அந்த லொறிக்காரர் எங்கட மச்சான்," என்றார் மாமி மெதுவாக.

"அப்பிடியா! அப்ப நல்லதாப் போச்சு!" என்று சொல்லிக்கொண்டே வாப்பா இரண்டு துணிகளையும் இழுத்துவிட்டு, நான் காட்டிக்கொடுத்தபடி திருகை மெதுவாகத் திருப்பினார்.

தண்ணீர் முதலில் சோம்பலாக அசைந்தது. பிறகு நடுவில் சிறு குழி. குழி ஆழமாகி, ஒடுங்கி, அடியைத் தொட்டது. நீல வெளிச்சத்தில் சரிகை ஏறி இறங்கியது. வாசலின் இந்தப் பக்கம் வலமாக, அந்தப் பக்கம் இடமாக. மாமியின் தம்பி கதவு நிலையைப் பிடித்தபடி, "மாஷா அல்லாஹ்," என்றார்.

மாமி இரண்டு ஜாடிகளையும் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். கதிரையில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"இதுக்கா நான் களப்பச் சுத்தி வந்தன்! துறந்து காட்டுவாவாம்! அந்த மனுசன் வந்து எங்கட வீட்டுல சென்ன மாதிரி இரிக்கே..."

உம்மாவும் சிரித்தார். எல்லோரையும் விட அதிகமாக, மூச்சு வாங்கச் சிரித்தார். ஏன் என்று விளங்காமல் வாப்பாவும் சேர்ந்து சிரித்தார். என்ன சொன்னோம் என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது. இன்றும் தெரியாது. இந்த வாரப் பத்திரிகையை அவரிடம் யாரும் வாசித்துக் காட்டாமல் இருந்தால் நல்லது.

அறைக்குள்

அந்தச் சிரிப்போடு அது முடிந்திருக்கும். உம்மாவின் கண் என்னிடம் கெஞ்சியது: விடு.

நான் மாமியைப் பார்த்தேன். இப்போது அவர் என் கண்ணைப் பார்த்துப் பேசினார். பகல் சாப்பாட்டைப் பற்றி, வேனில் வந்த வழியைப் பற்றி. என் தலை அவருக்கு மறந்துபோய்விட்டது. எனக்குத்தான் மறக்கவில்லை. மாமியின் வீட்டுக்குப் போனால் எத்தனை வருடம் கோண வகிடு எடுப்பேன்? யார் எண்ணெய்ப் போத்தலோடு வந்தாலும் எழும்பி ஓடுவேனா? உம்மா பயத்தோடே என்னை வளர்த்தார். அந்தப் பயத்தை நானும் கொண்டுபோக வேண்டுமா? என் தலையில் இருப்பது எனக்கு வெட்கமில்லை என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. கொஞ்சம் திமிரும்தான், மறுக்கவில்லை.

"மாமி, ஒருக்கா உள்ளுக்கு வாங்களேன்."

அறைக் கதவைச் சாத்தினேன். உம்மா பின்னாலேயே வந்து கதவோடு நின்றார். குண்டூசியை எடுத்தேன், ஸ்காஃபைக் கழற்றினேன், கொண்டையை அவிழ்த்தேன். மாமியைக் கட்டிலில் இருக்கச் சொல்லிவிட்டு, அவருக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்தேன்.

"தண்ணியில மட்டும் இல்ல மாமி. இங்கயும் ரெண்டுதான். நானே இண்டைக்குத்தான் அறிஞ்சன். பாருங்க."

ஹோலில் ஜாடிகளின் மெல்லிய இரைச்சல் கேட்டது. பிறகு அவர் விரல்கள் முடிக்குள் வந்தன. பிரித்தன. ஓரிடத்தில் நின்றன. நகர்ந்து இன்னோரிடத்தில் நின்றன. மருதாணியும் ஏலக்காயும் மணத்தன.

"ஓம்," என்றார். "ரெண்டுதான்."

உம்மா கதவில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டார்.

"என்ட தலையில ஒண்டு," என்றார் மாமி. விரலை எடுக்கவில்லை. "என்னப் பொண் பாக்க மூணு பேர் விளக்கோட வந்தாங்க. மன்னார்ல. ஒண்டுதான், நல்ல ராசியென்டு சந்தோசப்பட்டு முடிச்சாங்க. இடம்பேந்து வந்து முகாம்ல இரிக்கக்குள்ள அவருக்குக் காச்சல் வந்திச்சு. மவுத்தாப் பெய்த்தார். நஸ்லின்ட வாப்பா எனக்கு ரெண்டாவது. புரோக்கர் உங்களுக்குச் செல்லியிரிக்க மாட்டார்."

சொல்லியிருக்கவில்லை. உம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப ஏன் மாமி பாக்க வந்தீங்க?" என்றேன். கேட்கக்கூடாத கேள்விதான்.

"பாக்காமப் போனா, பாத்தியா பாத்தியா என்டு ஊர் கேக்கும். அதுக்குப் பதில் செல்லணுமே." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கும் பயம்தான். ஒரு மகன்தானே."

அப்போது அவருடைய ஃபோன் அடித்தது. கரைத்தீவிலிருந்து அவருடைய ராத்தா, கூடப் பிறந்த அக்கா. அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்கும் அளவுக்குப் பெரிய குரல்: பாத்தியா? ஒண்டா ரெண்டா?

மாமியின் இடது கை என் உச்சியில் அப்படியே இருந்தது.

"பாத்தன் ராத்தா. ரெண்டுதான்... ஓம், என்ட கண்ணால. ஒண்டு வலத்தால சுத்துது, மத்தது இடத்தால... ஏன் பதறுறீங்க? தண்ணி, ராத்தா, தண்ணி! போத்தல்ல போட்டுப் பெட்டரியில சுத்த உட்டிரிக்கா. படிச்ச புள்ள... ஓம், வீடியோ அனுப்புறன்."

ஃபோனை வைத்துவிட்டு என் முடியை அள்ளிக் கொண்டை போட்டார். இறுக்கமாகப் போட்டார். வலித்தது.

"நான் பொய் செல்லல்ல தானே மகள்?"

கல்யாணத்தோடு என்னுடன் வந்த அந்த இரண்டு ஜாடிகளும் இப்போது கரைத்தீவு வீட்டு ஹோலில் நிற்கின்றன. பெருநாளுக்குப் பெருநாள் தண்ணீர் மாற்றிச் சுற்றவிடுகிறேன். நஸ்லினுக்கு அவருடைய உம்மா எதைச் சொன்னார், எதைச் சொல்லவில்லை என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. நஸ்லின் சிரிக்கும்போதெல்லாம் அவர் முகத்தைத் தேடிப் பார்க்கிறேன்.

வருகிற உறவினர்கள் வாசலில் நின்று கேட்பார்கள்: "இதுதானா அந்த ரெண்டு சுழி?"

"ஓம், இதுதான்," என்பார் மாமி. அதைச் சொல்லும்போது அவர் தண்ணீரைப் பார்ப்பதில்லை. என் உச்சியைத்தான் பார்க்கிறார்.